சித்திரையில் செத்துப்போகும் டார்ச் கார்த்திகையில் எப்படி எரியும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் விலகிப் போகாமல் அதே வட்டாரத்தில் நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலைக் கணக்கில் மயிலத்தில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை; புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்குக் குறையவில்லை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அரசூர் அருகே சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்ட, ரயில்களும் நின்றன. தலைநகரையும் தென்மாவட்டங்களையும் இணைக்கும் சாலையும் தண்டவாளமும் ஒரே சமயத்தில், விழுப்புரம் என்ற ஒரே மாவட்டத்துக்குள் அறுந்துபோயின.

நெடுஞ்சாலையில் வாகனங்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசைகட்டி நின்றன. அப்படி நிற்க நேர்கிற ஒரு காருக்குள் நாம் வழக்கமாக என்ன வைத்திருக்கிறோம்? டேஷ்போர்டில் பிள்ளையார், கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக், டிக்கியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும், வாங்கிய நாளிலிருந்து பிரிக்கப்படாத முதலுதவிப் பெட்டி. டார்ச் லைட் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலோர் கைப்பேசியைக் காட்டுவார்கள். சிலர் “எங்கேயோ ஒன்று போட்டு வைத்தேனே” என்று தேடுவார்கள். தேடி எடுத்து அமுக்கினால் அது எரியாது.

அது ஏன் எரிவதில்லை என்பதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. காரணம் பெரும்பாலும் தரக்குறைவல்ல. நம் ஊர்க் காருக்குள் ஓராண்டு காத்துக்கிடப்பதற்கு ஏற்ற பேட்டரியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

இருட்டின் நீளம்

நிவர் புயல் 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி மரக்காணம் பகுதியில் கரை கடந்தது. மாண்டஸ் 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கடந்தது. ஃபெஞ்சல் கடந்ததும் இரவில்தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயலுக்குப் பிறகு, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் நாள் கணக்கில் விளக்கில்லாமல் கிடந்தன.

கார்த்திகை மாதத்தில் விழுப்புரத்தில் மாலை ஐந்தே முக்கால் வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. மறுநாள் ஆறு மணிக்குப் பிறகே விடிகிறது. ஆக, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருட்டு. புயல் என்றால் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஓங்கூரிலிருந்து திண்டிவனம், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக மடப்பட்டு வரை சாலையோரக் கடைகளின் வெளிச்சத்தை நம்பியே ஓட்டிப் பழகியவர்களுக்கு, அந்த வெளிச்சமெல்லாம் அணைந்த பிறகு சாலை எங்கே முடிகிறது, ஓடை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் இதே பருவத்தில்தான் குழந்தை குட்டிகளோடு இந்த வழியில் போகிறார்கள்.

கைப்பேசி வெளிச்சம் போதாதா? வீட்டில் சாவி தேட அது போதும். கொட்டும் மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கட்டுப்படாது. சக்கரம் கழற்றும்போது அதைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை வேண்டும். முழங்கால் தண்ணீரில் ஒருமுறை நழுவினால் வெளிச்சமும் போச்சு, ஆள் கூப்பிடும் வழியும் போச்சு. மின்சாரம் போன பகுதியில் கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும். சிக்னலைத் தேடித் தேடியே கைப்பேசியின் பேட்டரி வேகமாகக் கரையும். மிச்சமிருப்பது 108-ஐ, 112-ஐ, நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐ, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐ அழைப்பதற்கு வேண்டும். வெளிச்சத்துக்கு என்று தனியாக ஒரு பொருள் காரில் இருந்தே ஆக வேண்டும்.

வெயில் செய்யும் வேலை

ஒரு தலைமுறைக்கு முன்பு டார்ச் லைட்டின் பேட்டரிக் கட்டை மங்கிவிட்டால் தூக்கிப் போடமாட்டார்கள். மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார்கள். இன்னும் இரண்டு நாள் எரியும். அந்தக் கைவைத்தியத்துக்குப் பின்னால் உண்மையான வேதியியல் இருந்தது. சூடு ஏறினால் கட்டைக்குள் நடக்கும் வேதிவினை வேகமெடுக்கும். பொதுவாகச் சொல்வதானால், 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சாகக் கிடக்கும் கட்டைக்கு அது கடைசி மூச்சைக் கொடுக்கும். அதே சூடு, எரியாமல் சும்மா காத்திருக்கும் புதுக் கட்டையின் ஆயுளைத் தின்றுவிடும். நாம் கவனிக்கத் தவறுவது இந்த இரண்டாவது பாதியை.

பூட்டிய காருக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்பதை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து அளந்து 2018-இல் வெளியிட்டன. கோடை நாளில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உள்ளே காற்றின் வெப்பம் சராசரியாக 47 டிகிரி செல்சியஸ். டேஷ்போர்டு 69 டிகிரி, ஸ்டீயரிங் 53, இருக்கை 51. நிழலில் நிறுத்திய கார்களில் காற்று 38, டேஷ்போர்டு 48, இருக்கை 41. அது பாலைவன வெயில்தான். ஆனால் கத்திரி நாட்களில் விழுப்புரம், திண்டிவனம் பக்கமும் வெயில் 40 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ரயில் நிலையத்துக்கு வெளியே, நீதிமன்ற வாசலில், திருமண மண்டபத்துக்கு எதிரே என்று நிழலில்லாத இடங்களில்தான் நம் கார்கள் காலையிலிருந்து மாலைவரை காய்கின்றன. இதே நிலை பங்குனியில் தொடங்கி ஆவணி வரைக்கும் நீள்கிறது.

இந்த வெயில் ஒவ்வொரு வகைப் பேட்டரியையும் ஒவ்வொரு விதமாகக் கெடுக்கிறது. பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதா துத்தநாக - கார்பன் கட்டையில் துத்தநாக டப்பாவே எதிர்முனை. கட்டை வேலை செய்யச் செய்ய அந்தச் சுவரே கரைகிறது. கடைசியில் ஓட்டையாகி உள்ளிருக்கும் அமிலத்தன்மையுள்ள குழம்பு வெளியே கசிகிறது. விலை குறைவு என்பதற்காக இதை டார்ச்சில் போட்டு மாதக்கணக்கில் காரில் விடுவது, டார்ச்சைக் கொல்வதற்குச் சமம்.

அல்கலைன் கட்டை இதைவிட மேலானது. சாதாரண அறை வெப்பத்தில் 10 ஆண்டுவரை கெடாது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் அதன் வேலை வரம்பே 54, 55 டிகிரியோடு முடிகிறது. உள்ளே துத்தநாகம் மெல்ல மெல்ல அரிபட, ஹைட்ரஜன் வாயு சேர்கிறது. சூட்டில் அது வேகமாகச் சேர்ந்து, அழுத்தம் தாங்காமல் அடிமூடியின் அடைப்பு விட்டுக்கொடுக்கிறது. வெளியே கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படிகிறது. ஸ்பிரிங்கில் பூத்திருக்கும் அந்த வெள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மின்தொடர்பு அரிபட்டுப் போன பிறகு புதுக் கட்டை போட்டாலும் டார்ச் எரிவது சந்தேகமே.

இரண்டு முள் நீட்டிச் சுவர் பிளக்கில் சொருகிச் சார்ஜ் ஏற்றும் பெரிய டார்ச்சுகள் நம் கிராமங்களில் பிரபலம். ராத்திரி மூன்று பேஸ் கரண்ட் வரும்போது மோட்டார் போட வயலுக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல துணை. தினமும் எரிகிறது, தினமும் சார்ஜ் ஏறுகிறது. அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது சிறிய ஈய - அமில பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் அதை வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சொருகினாலும் ஏறாது. காரில் போட்டு மறக்கத் தகாதது அது.

இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பது யுஎஸ்பி வயரில் சார்ஜ் ஏற்றும் லித்தியம் - அயான் டார்ச். பிரமாதமான வெளிச்சம், கையடக்கமான உடம்பு. அன்றாடம் பயன்படுத்த இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் லித்தியம் - அயான் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: முழுச் சார்ஜ், கூடவே கடும் சூடு. நெடுநாள் வைத்திருக்க வேண்டுமென்றால் பாதிச் சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். அவசரத்துக்கென்று காரில் வைப்பவரோ அதை முழுச் சார்ஜில், கொதிக்கும் டேஷ்போர்டில் வைக்கிறார். அதன் கொள்ளளவு திரும்பி வராத வகையில் குறையும். சில சமயம் பேட்டரி உப்பும். பவர் பேங்குக்கும் இதே விதிதான். பயணத்துக்கு எடுத்துப் போய், இறங்கும்போது கையோடு எடுத்துவர வேண்டிய பொருள் அது.

முதலில் கட்டை, பிறகு டார்ச்

தினமும் உழைக்கும் டார்ச் வேறு, காத்திருக்கும் டார்ச் வேறு. உழைப்பதற்கு வேண்டியது திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறும் குணம். காத்திருப்பதற்கு வேண்டியது சூட்டைத் தாங்குவதும், கசியாமல் இருப்பதும், வைத்த மின்சாரத்தை வைத்தபடியே காப்பதும். கடைக்குப் போய் எது அதிக வெளிச்சம் என்று பார்த்து டார்ச்சை எடுத்துவிட்டு, அதற்கேற்ற பேட்டரியைத் தேடுவதுதான் நம் வழக்கம். காருக்கு வாங்கும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் பேட்டரியை முடிவு செய்யுங்கள். அது எந்த டார்ச்சில் பொருந்துமோ அதை வாங்குங்கள்.

காத்திருக்கும் வேலைக்கு இன்று கிடைப்பவற்றில் சிறந்தது, சார்ஜ் ஏற்ற முடியாத 1.5 வோல்ட் லித்தியம் கட்டை. இதன் வேதியியல் லித்தியமும் இரும்பு டைசல்பைடும். 60 டிகிரிவரை வேலை செய்யும். அறை வெப்பத்தில் 20 ஆண்டு இருப்புக் காலம் என்று தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். அல்கலைனைப் போல அதில் கசியக்கூடிய காரக் கரைசல் இல்லை. எடையும் குறைவு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் டபுள் ஏ அளவிலும், டி.வி. ரிமோட்டுக்குப் போடும் ட்ரிபிள் ஏ அளவிலும் கிடைக்கிறது. பழைய பெரிய கட்டை அளவில் இது வருவதில்லை. ஆகவே காருக்கு ஏற்றது டபுள் ஏ கட்டை போடும் டார்ச் என்று கணக்கு தானாகவே முடிவாகிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. லித்தியம் கட்டை தீர்ந்துபோனாலும், திறந்திருக்கும் ஏதாவது ஒரு பெட்டிக்கடையில் டபுள் ஏ கட்டை வாங்கிப் போட்டு அன்றிரவைத் தள்ளிவிடலாம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. லித்தியம் என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருட்கள் ஒரே அளவில் விற்கப்படுகின்றன. நாம் சொல்வது சார்ஜ் ஏற்ற முடியாத 1.5 வோல்ட் கட்டை. பக்கவாட்டில் யுஎஸ்பி துளை உள்ள 1.5 வோல்ட் கட்டை சார்ஜ் ஏறும் வகை. அதற்குள் இருப்பது சூடு ஆகாத அதே லித்தியம் - அயான். டபுள் ஏ உயரத்திலேயே இருக்கும் 3.7 வோல்ட் கட்டை முற்றிலும் வேறு. சாதாரண டார்ச்சில் போட்டால் விளக்கு கருகிப்போகலாம். அட்டையில் வோல்ட் எண்ணைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

இந்த லித்தியம் கட்டை சாதா கட்டையைப் போலப் பல மடங்கு விலை. மாதத் தவணை கட்டிக்கொண்டு லோடு ஆட்டோ ஓட்டுகிறவரிடம், டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவரிடம், “இதைத்தான் வாங்க வேண்டும்” என்று சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு அல்கலைன் போதும், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, கட்டையை டார்ச்சுக்குள் போட்டு வைக்கக் கூடாது. தனியே ஒரு பிளாஸ்டிக் உறையில், முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் சுற்றி, டார்ச்சோடு ரப்பர் பேண்டு போட்டு வைத்தால், கசிந்தாலும் டார்ச் தப்பிக்கும். இருட்டில் கை தடவியே போட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். இரண்டு, ஆண்டுக்கு ஒருமுறை புதுக் கட்டை மாற்ற வேண்டும். எடுத்த பழைய கட்டையை வீட்டுக் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போட்டுவிட்டால் ஒரு ரூபாயும் வீணாகாது.

பழையதையும் புதியதையும் கலந்து போடக் கூடாது. இரண்டு கம்பெனிக் கட்டையைச் சேர்த்துப் போடவும் கூடாது. வலு குறைந்த கட்டையை மற்றது தலைகீழாகத் தள்ள, அது கசியும். அல்கலைன் கசிந்த டார்ச்சைக் கையுறை போட்டுக்கொண்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ நனைத்த பஞ்சால் துடைத்தால் அந்தக் காரம் முறியும்; பிறகு உலர விடலாம். செத்த கட்டைகளைக் குப்பையிலோ வயலிலோ எறியாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற கம்பெனிகளே அவற்றைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று பொறுப்பாக்கியிருக்கின்றன.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

டார்ச் அட்டையில் பெரிதாக அச்சிடுவது லூமென் எண். ஆயிரம், இரண்டாயிரம் என்று போட்டி போடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு அல்கலைன் டபுள் ஏ கட்டைகளில் இருப்பது சுமார் 5 வாட் - மணி மின்சாரம். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 லூமெனில் எரித்தால் 25 மணி நேரம் ஓடும். கார்த்திகை மாதத்து இரண்டு இரவுகளைத் தாண்டிவிடலாம். 500 லூமெனில் எரித்தால் கணக்குப்படி ஒரு மணி நேரம். அவ்வளவு வேகமாக உறிஞ்சினால் அல்கலைன் கட்டை தன் முழு மின்சாரத்தையும் தராது என்பதால், நடைமுறையில் அதுவும் இல்லை. காருக்குள் குழந்தைக்குப் பால் கலக்க, நட்டு கழற்ற, முகம் பார்த்துப் பேச 20 லூமென் தாராளம். தண்ணீர் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று பார்க்கவும், தூரத்தில் வருகிறவரின் கவனத்தைத் திருப்பவும் மட்டும் 200 லூமென் அளவில் ஒரு பெரிய வெளிச்சம் வேண்டும். ஆகவே மங்கல், பெரிது என்று குறைந்தது இரண்டு நிலை உள்ள டார்ச்சே நமக்கானது. மங்கல் நிலையில் எத்தனை மணி நேரம் ஓடும் என்ற எண்தான் அட்டையில் முதலில் தேட வேண்டியது.

அந்த மணிக்கணக்கையும் விவரம் தெரிந்து படிக்க வேண்டும். எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தர அளவுகோலை உலகெங்கும் டார்ச் கம்பெனிகள் பின்பற்றுகின்றன. அதன்படி, ஓடும் நேரம் என்பது தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். “10 மணி நேரம்” என்று போட்டிருந்தால் பத்து மணி நேரமும் அதே பிரகாசம் இருக்கும் என்று அர்த்தமில்லை. தூரக் கணக்கும் அப்படித்தான்: முழுநிலவு வெளிச்சம் அளவுக்கு ஒளி விழும் எல்லையையே தூரம் என்கிறார்கள்.

மழைக்காலத்துக்கு என்பதால் தண்ணீர் தாங்கும் குறியீட்டைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது. ஃபெஞ்சல் மாதிரி ஒரு நாளுக்கு இரண்டாவதே பொருத்தம். சுவிட்ச், அமுக்கினால் 'டக்' என்று விழும் பழைய வகையாக இருப்பது நல்லது. லேசாகத் தொட்டால் எரியும் மின்னணு சுவிட்ச், அணைந்திருக்கும்போதும் துளித்துளியாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். பையில் அமுங்கித் தானாக எரிந்து தீர்வதும் உண்டு. அப்படிப்பட்ட டார்ச்தான் கையில் இருக்கிறது என்றால், பின்மூடியைக் கால் திருகு தளர்த்தி வையுங்கள். பலவற்றில் அதுவே மின்தொடர்பை அறுத்துவிடும்.

கையில் பிடிக்கும் டார்ச் ஒன்று, தலையில் மாட்டும் விளக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால் முழு நிறைவு. ஒன்று மட்டுமே முடியும் என்றால் தலைவிளக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஜாக்கி சுற்றவும், குழந்தையைத் தூக்கவும், வயதானவரின் கையைப் பிடித்துத் தண்ணீரைக் கடக்கவும் இரண்டு கையும் வேண்டும். கைப்பிடியைச் சுற்றிச் சார்ஜ் ஏற்றும் டார்ச்சை உபரியாக வைத்துக்கொள்ளலாம். அதையே நம்ப வேண்டாம். அதற்குள்ளும் ஒரு சிறிய பேட்டரி இருக்கிறது, அதுவும் வெயிலில் சாகும்.

எங்கே வைப்பது, எப்படிப் பயன்படுத்துவது?

டேஷ்போர்டின் மேல் வேண்டாம். காருக்குள் மிகச் சூடான இடம் அதுதான். டிக்கியிலும் வேண்டாம். பல புதிய கார்களின் டிக்கி மின்சாரப் பூட்டில் திறக்கிறது. வண்டியின் பேட்டரி செத்துப்போன இரவில் டார்ச் உள்ளே, நாம் வெளியே. மழையில் இறங்கிப் பின்னால் போய்த்தான் எடுக்க வேண்டும் என்பதும் சரியல்ல. முன்இருக்கைக்கு அடியில், ஓட்டுநர் உட்கார்ந்தபடியே கை நீட்டினால் எட்டும் இடம் நல்லது. வெயில் நேராகப் படாது. தரையை ஒட்டி இருப்பதால் சூடும் சற்றுக் குறைவு. ஆனால் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்காதபடி ஒரு துணிப்பையில் போட்டு இருக்கையின் கம்பியில் கட்டிவையுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கே ஏதாவது ஆகிவிட்டால் எடுக்கப்போவது பக்கத்தில் இருப்பவர்தானே.

நான்குவழிச் சாலையில் இரவில் வண்டி நின்றுவிட்டால் முதல் வேலை, முடிந்த அளவு இடது ஓரத்துக்குத் தள்ளி, நான்கு மூலை விளக்குகளையும் மினுக்க விடுவது. போகும் வண்டிகளின் பக்கம் இறங்காமல் எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தைச் சாலையோரமாகவே பின்னோக்கி நடந்து, 50 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் வைக்க வேண்டும். அந்த நடைக்கு டார்ச் எரிந்துகொண்டே இருக்கட்டும், வெளிச்சம் தரையைப் பார்க்கட்டும். வேகமாக வரும் லாரி ஓட்டுநரின் கண்ணில் அடித்தால் அவருக்குச் சில விநாடி எதுவும் தெரியாது. அவர் நம் மேலேயே ஏறலாம். சாலையில் தண்ணீர் ஓடுகிறது என்றால் டார்ச் அடித்து ஆழம் பார்த்துக் கடக்கலாம் என்று எண்ணவே வேண்டாம். கலங்கல் தண்ணீருக்குள் எந்த டார்ச்சின் வெளிச்சமும் இறங்காது. அந்த இடத்தில் டார்ச்சின் வேலை, வண்டியைத் திருப்பிக்கொண்டு வர வழிகாட்டுவதும், பின்னால் வருகிறவரை நிறுத்துவதும்தான்.

பொதுப் பொறுப்பு

இதை ஒவ்வொருவரின் தனி அக்கறைக்கு மட்டும் விட்டுவிடுவது சரியாகாது. பிரான்ஸ் 2008 முதல் எச்சரிக்கை முக்கோணத்தையும் ஒளிரும் மேலங்கியையும் காரில் வைப்பதைக் கட்டாயமாக்கியது. ஜெர்மனி 2014-இல் மேலங்கியைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் புதுக் கார் வாங்கினால் முக்கோணமும் முதலுதவிப் பெட்டியும் தருகிறார்கள். ஆனால் அந்த முக்கோணத்தை இருட்டில் கொண்டுபோய் வைக்கவும், அந்த முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணி எது, மருந்து எது என்று பார்க்கவும் ஒரு விளக்கு வேண்டும் என்பது யாருடைய பட்டியலிலும் இல்லை. பல லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டியோடு தண்ணீர் தாங்கும் டார்ச் ஒன்றைத் தருவது எந்தக் கம்பெனிக்கும் பெரிய சுமையாகாது.

வாடகை வண்டிகள் எஃப்.சி.க்கு வரும்போது முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதே பார்வையில் எரியும் டார்ச் ஒன்றையும் சேர்க்கலாம். பள்ளி வேன்களுக்கும், இரவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் ஆம்னி பஸ்களுக்கும் இது முதலில் வர வேண்டும். புயல் எச்சரிக்கை வரும்போது அரசு வெளியிடும் அறிவுரைகளில் வீட்டுக்கு டார்ச், பேட்டரி, உலர் உணவு என்று பட்டியல் இருக்கும். வண்டிக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நின்று கடக்காத கார் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்து, 1033, 1077 எண்களோடு “வண்டியில் டார்ச் எரிகிறதா?” என்று கேட்டால், ஒரே பருவத்தில் இலட்சக்கணக்கான ஓட்டுநர்களின் கண்ணில் படும்.

இவையெல்லாம் வரும்வரை, நமக்கென்று ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. புரட்டாசியிலோ ஐப்பசியின் தொடக்கத்திலோ ஆயுத பூஜை வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்பு. அன்றைக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காத வீடோ பட்டறையோ நம் பக்கத்தில் இல்லை. கத்திரி முடிந்து மழை தொடங்காத அந்த இடைவெளிதான் டார்ச்சைச் சோதிக்கச் சரியான நேரம். வண்டியைக் கழுவும்போதே இருக்கைக்கு அடியிலிருந்து டார்ச்சை எடுத்து, ஸ்பிரிங்கில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அல்கலைன் என்றால் புதுக் கட்டை போட்டு, பழையதை வீட்டுக் கடிகாரத்துக்குக் கொடுங்கள். லித்தியம் என்றால் கட்டையில் அச்சிட்ட காலாவதி ஆண்டைப் படித்து, ஐந்து நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள். பிறகு அதையும் மற்ற கருவிகளோடு படையலில் வையுங்கள். ஸ்பானருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைக்கிற நாம், இருட்டில் அவற்றைக் கண்டுபிடித்துத் தரப்போகும் கருவிக்கும் ஒரு பொட்டு வைக்கலாம். பட்டறை முதலாளிகள் தங்களிடம் வரும் ஒவ்வொரு ஓட்டுநரிடமும் அன்றைக்கு இதைக் கேட்கலாம். வாடகை வண்டி ஓட்டுநர் சங்கங்கள் மொத்தமாக வாங்கினால் கட்டையின் விலையும் இறங்கும். இந்த ஆண்டு ஆயுத பூஜையிலிருந்தே தொடங்கலாம்.